பிக் பிடிக்கும் கை வலித்தால்: வலிக்கிற இடத்தை வைத்துப் பிழையைப் பிடிப்பது

கிட்டார் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒரே புகார்தான் திரும்பத் திரும்ப வருகிறது: "மெதுவா வாசிச்சா ஒண்ணுமில்ல, ஸ்பீடு ஏத்தினா கை வலிக்குது." பிக், அதாவது தந்தியை மீட்டும் சிறு வில்லை, பிடிக்கும் கையைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் முன்கையைத் தொட்டுக் காட்டுவார், இன்னொருவர் கட்டைவிரல் அடியை. இடம்தான் துப்பு. எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் பாதிப் பிழை பிடிபட்டுவிடும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத மாற்றம் முதலில், மருத்துவர் கடைசியில். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்ப் படித்தால் போதும். அதற்கு முன் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## முதலில்: இது களைப்பா, காயமா?

வாசிப்பதை நிறுத்திக் கையைத் தொங்கவிடுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள்.

ஐந்து நிமிடத்துக்குள் சுத்தமாக அடங்கினால் பெரும்பாலும் தசைக் களைப்பு. வாசிப்பு முறையில் கை வைத்தாலே சரியாகும்.

மறுநாள் காலையிலும் வலியோ விறைப்போ இருந்தால், தசையோ, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணோ தாங்குவதற்கு மேல் வேலை வாங்கியிருக்கிறீர்கள். இரண்டு மூன்று நாள் பிக்கைத் தொடாதீர்கள். பிறகு பாதி நேரத்தில் தொடங்குங்கள்.

இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தும் போகாவிட்டால் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பார்க்க வேண்டிய கட்டம்.

இந்த மூன்றுக்கும் வெளியே சில உண்டு. கையில் பிடித்த பொருள் தானாக நழுவி விழுவது, மரத்துப்போனது திரும்பாமல் அப்படியே இருப்பது, மூட்டு வீங்கிச் சிவந்து சூடாக இருப்பது, திடீரென்று கையில் பலமே இல்லாமல் போவது: இவற்றில் எது வந்தாலும் மேற்கொண்டு படிக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள். கைவலியோடு நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் அது கிட்டார் விஷயமே இல்லை, அவசர சிகிச்சைக்குப் போக வேண்டிய விஷயம்.

இன்னொன்று. வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாசிக்காதீர்கள். மாத்திரை வலியைத்தான் மறைக்கும். தேய்வது தேய்ந்துகொண்டேதான் இருக்கும்.

## முன்கை எரிகிறது, கல்லாக இறுகுகிறது

அதிகம் வருவது இதுதான். வேகமாக ஒரே தந்தியில் அடிக்கும்போது முப்பது நாற்பது நொடியில் முன்கை இறுகி, பிக் தாளம் தப்பும். நிறுத்தினால் சரியாகிவிடும்.

பிக் பிடியைச் சோதியுங்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒருவரைக் கூப்பிட்டு, உங்கள் விரல்களுக்கு இடையிலிருந்து பிக்கை உருவச் சொல்லுங்கள். லேசான எதிர்ப்போடு வழுக்கிக்கொண்டு வர வேண்டும். பிடுங்க வேண்டியிருந்தால் அதுதான் பிழை. ஆள் இல்லையென்றால் ஆள்காட்டி விரலைப் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு பையன் பிக்கை எடுத்த பிறகும் அவன் விரலில் முக்கோணப் பள்ளம் அப்படியே பதிந்திருந்தது. ஓரத்தில் தோல் வெளுத்துப்போய், பிக்கின் மேல் அச்சடித்த எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. முன்கையைத் தொட்டுப் பார்க்கவே தேவைப்படவில்லை.

ஏன் இறுக்கிப் பிடிக்கிறோம்? நழுவுகிறது என்பதால். ஏன் நழுவுகிறது? மூன்று காரணம்.

ஒன்று, வியர்வை. வழவழப்பான பிக் என்றால் உப்புத்தாளால் இரண்டு பக்கமும் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். விரல் படும் இடத்தை மட்டும். தந்தி படும் முனையைத் தொடாதீர்கள்.

இரண்டு, முனை தேய்ந்துபோன பிக். நகத்தை அதன் ஓரத்தில் ஓட்டிப் பாருங்கள். ரம்பம்போலத் தட்டுப்பட்டால் அது ஒவ்வொரு அடியிலும் தந்தியில் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மாற்றுங்கள்.

மூன்று, ஆழம். பிக்கின் முனை தந்திக்குக் கீழே ஒன்று இரண்டு மில்லிமீட்டர் இறங்கினால் போதும். பலர் நாலைந்து மில்லிமீட்டர் விடுகிறார்கள். நாற்று நடுகிற மாதிரி அழுத்தி நட்டால் பிடுங்குவதற்கும் பலம் வேண்டும்தானே. ஆழத்தைக் குறைத்த அன்றே வலி பாதியானவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிக்கைத் தந்திக்கு இணையாகத் தட்டையாக வைக்காமல் சற்றுத் திருப்பி, அதன் ஓரம் தந்தியை வருடுகிற மாதிரி பிடித்துப் பாருங்கள். எதிர்ப்பு உடனே குறைவது கையிலேயே தெரியும். சத்தம் கொஞ்சம் மாறும், பழகிவிடும்.

பிக்கின் தடிமன் பற்றி வாக்குவாதங்கள் ஓயாது. என் அனுபவத்தில் 0.6 மில்லிமீட்டர் போன்ற மெல்லிய பிக் வேக வாசிப்புக்கு ஒத்துவருவதில்லை. தந்தியில் பட்டு வளைந்து நிமிர்வதற்குள் அடுத்த அடி வந்துவிடுகிறது, அந்தத் தாமதத்தைக் கை பலத்தால் ஈடுகட்டப் பார்க்கிறது. 1 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் ஒன்றை ஒரு வாரம் பாருங்கள். ஆழத்தைக் குறைக்காமல் தடித்த பிக்குக்குப் போனால் மட்டும் வலி கூடும்.

எலக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) இல்லாமல் வாசிக்கிறீர்களா? யாரும் சந்தேகப்படாத குற்றவாளி இது. எனக்கே நடந்தது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, சத்தம் கேட்கக் கூடாது என்று ஒயரைச் செருகாமல் மாதக்கணக்கில் பயிற்சி செய்தேன். வெறும் தந்திச் சத்தம் காதுக்கு எட்டுவதற்காகக் கை தன்னையறியாமல் ஓங்கி அடிக்கப் பழகிவிட்டது. பகலில் ஆம்ப் போட்டாலும் அதே அடிதான். முன்கையை ஆறு வாரம் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன், காரணம் தெரியாமல். ஹெட்ஃபோன் வழியாகக் கேட்டு வாசிக்க ஆரம்பித்ததும் அடி தானாக இளகியது. இப்போது யார் முன்கை வலி என்று வந்தாலும் என் முதல் கேள்வி இதுதான்.

அசைவு எங்கிருந்து வருகிறது? செல்போனை எதிரில் வைத்து வீடியோ எடுங்கள். மெதுவாக வாசிக்கும்போது மணிக்கட்டு அசைகிறது, ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் மணிக்கட்டு பூட்டிக்கொண்டு முழங்கையிலிருந்து முழுக்கையும் நடுங்குகிறது என்றால், அந்த வேகம்தான் உங்கள் எல்லை. முழங்கையிலிருந்து வாசிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அப்படி இலகுவாக வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். முன்னும் பின்னும் இழுக்கும் தசைகள் இரண்டும் ஒரே நேரத்தில் இறுகி, அந்த நடுக்கத்தை வேகம் என்று எண்ணிக்கொள்வதுதான் தவறு.

சரிசெய்ய: மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் கருவி) எடுத்து இறுக்கம் தொடங்கும் டெம்போவை, அதாவது தாள வேகத்தை, குறித்துக்கொள்ளுங்கள். அது நிமிடத்துக்கு 120 தட்டு என்றால், ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரம் வீதம் நொடிக்கு எட்டு அடி. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து 96இல் வையுங்கள். அங்கே இரண்டு நிமிடம் இளகிய கையோடு வாசிக்க முடிய வேண்டும். வேகத்துக்கு வேறு வழி: 120இலோ அதற்கு மேலோ ஒரே ஒரு தட்டு மட்டும் வாசித்து நிறுத்துங்கள். கையைத் தளர்த்தி இரண்டு மூன்று தட்டு காத்திருந்து மறுபடி ஒன்று. இறுக்கம் வருவதற்குள் முடிந்துவிடுவதால் கை இளகிய வேகத்தைப் பழகிக்கொள்ளும். கையில் ஒட்டிய தண்ணீரை உதறுகிறோமே, அந்த அசைவுதான் வேண்டும். அங்கே யாரும் பல்லைக் கடிப்பதில்லை.

இவ்வளவும் மாற்றி ஒரு மாதம் ஆகியும் இறுக்கம் குறையவில்லை என்றால், நேரில் பார்க்கும் ஆசிரியரிடம் இரண்டு வகுப்பு போங்கள். வீடியோ பாடங்கள் உங்கள் கையைப் பார்ப்பதில்லை.

## ஒரே தந்தியில் வலி இல்லை, தந்தி மாறும்போதுதான் வலிக்கிறது

இது பலக் குறைவு இல்லை, சிக்கல். பிக் இரண்டு தந்திகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறது. வெளியே வர ஒவ்வொரு முறையும் மணிக்கட்டு துள்ள வேண்டியிருக்கிறது. மெதுவாக வாசித்தபடி கவனியுங்கள்: தந்தி மாறுவதற்கு முந்தைய அடி கீழ்நோக்கியதா, மேல்நோக்கியதா? மேல் அடிக்குப் பிறகு மாறும்போது சிக்கினால், பிக்கின் பின்பகுதி சற்றுத் தரைப்பக்கம் சாயும்படி கையைத் திருப்புங்கள். மேல் அடி முடியும்போது பிக் தந்திகளுக்கு வெளியே எழும்பி நிற்கும். கீழ் அடிக்குப் பிறகு சிக்கினால் சாய்வை எதிர்ப்பக்கம் வையுங்கள். பாடலில் தந்தி மாறும் இடத்தையே ஓர் அடி தள்ளி அமைத்துக்கொள்வதும் நியாயமான தீர்வுதான். வெட்கப்பட ஒன்றுமில்லை.

## கட்டைவிரல் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் வலி

முதலில் கட்டைவிரலைப் பாருங்கள். பிக் பிடிக்கும்போது அதன் நுனி மூட்டு பின்பக்கம் வளைந்து நிற்கிறதா? அல்லது ஒவ்வொரு அடிக்கும் கட்டைவிரலை மடக்கி நீட்டி வாசிக்கிறீர்களா? இரண்டும் அந்தச் சிறிய மூட்டின் மேல் பாரத்தை ஏற்றும். பிக்கை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் கிடத்தி, கட்டைவிரலை மேலே சும்மா வையுங்கள். பிடிக்க வேண்டாம், மூடினால் போதும்.

செல்போனையும் கணக்கில் சேருங்கள். ஒரு மணி நேரம் கிட்டார், மூன்று மணி நேரம் கட்டைவிரலால் திரையைத் தள்ளுவது என்றால் பழி முழுவதையும் கிட்டார் மேல் போட முடியாது.

சோதனை: கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நான்கு விரலால் மூடுங்கள். முஷ்டியை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். லேசாக இழுப்பது எல்லோருக்கும் உண்டு, அதனால் மற்ற கையிலும் செய்து ஒப்பிடுங்கள். வலிக்கிற கையில் மட்டும் சுரீரென்று ஏறினால், கட்டைவிரலை இழுக்கும் தசைநாண்கள் ஓடும் உறை தடித்து உரசுகிறது என்று சந்தேகிக்கலாம். 1895இல் இதை விவரித்த ஸ்விஸ் அறுவை மருத்துவர் டி கெர்வைன் பெயராலேயே மருத்துவர்கள் இதைச் சொல்வார்கள். சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்காதீர்கள், அதுவே புண்ணைக் கிளறும்.

அப்படி என்றால் பிக்கைக் கீழே வையுங்கள். கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் பட்டை மருந்துக்கடையில் கிடைக்கும். மணிக்கட்டை மட்டும் பிடிப்பது இதற்கு உதவாது. இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவர். அவர் ஊசி போடலாம். அறுவை சிகிச்சை வரை போவது அரிது.

## முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் வலி

கிட்டார் வாசித்து 'டென்னிஸ் எல்போ' என்றால் சிரிப்பார்கள். ஆனால் மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் தசைகள் வந்து சேரும் இடம் அதுதான். மணிக்கட்டைத் தூக்கியபடியே பூட்டி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அடித்தால் இங்கே வலிக்கும்.

சோதனை: கையை நேராக நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்து லேசாகத் தூக்குங்கள். வெளி எலும்பில் குத்தினால் இதுவாக இருக்கலாம். உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பித் தூக்கும்போது உள்பக்க எலும்பில் குத்தினால், மணிக்கட்டை மடக்கும் தசைகளின் பக்கம். பாம் மியூட் போட்டு (உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமுக்கிச் சத்தத்தை மட்டுப்படுத்தி) ஓயாமல் கீழ்நோக்கியே அடிப்பவர்கள் இரண்டாவதையும் சோதித்துப் பாருங்கள்.

எளிய மாற்றம்: ஸ்ட்ராப்பின் (தோளில் மாட்டும் வார்) நீளம். கிட்டாரைத் தொடை வரை தொங்கவிட்டால் பார்க்க அழகாக இருக்கலாம். மணிக்கட்டு வளைந்தே நிற்கும். உட்கார்ந்து வாசிக்கும்போது கிட்டார் எந்த உயரத்தில் இருக்கிறதோ, நிற்கும்போதும் அதே உயரத்துக்கு ஸ்ட்ராப்பைச் சுருக்குங்கள். புறங்கையிலிருந்து முன்கை வரை ஒரு ஸ்கேலை வைத்தால் ஏறக்குறைய ஒட்டி நிற்க வேண்டும்.

இந்த வலி பொறுமையைச் சோதிக்கும். வாரங்கள் இல்லை, மாதங்கள் ஆகலாம். முழு ஓய்வு மட்டும் கொடுத்தால் தசைநாண் பலம் இழந்து, திரும்ப வாசித்ததும் மறுபடி வரும். சிறிய எடையை வைத்து மணிக்கட்டை மெதுவாக இறக்கும் பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பார். இந்த ஒரு அறிகுறிக்கு மட்டும், தாமதிக்காமல் முதலிலேயே அவரிடம் போகச் சொல்வேன்.

## விரல் மரத்துப்போகிறது, ஊசி குத்துகிறது

எந்த விரல் என்று கவனியுங்கள். இங்கேதான் பாதை பிரிகிறது.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். மணிக்கட்டின் நடுவில் ஓடும் நரம்பு நசுங்குகிறது. இரவில் மரத்து எழுந்து கையை உதறினால் சரியாகிறது என்றால் சந்தேகம் வலுக்கிறது. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே பார்க்க ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள்; மேலே சொன்ன விரல்களில் குறுகுறுப்பு வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். வாசிக்கும்போது மணிக்கட்டு மடங்காமல் பார்ப்பதும், தூங்கும்போது மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கட்டுவதும் தொடக்கத்தில் உதவும்.

மோதிர விரலும் சுண்டுவிரலும். இது முழங்கையின் உள்பக்கத்தைச் சுற்றி வரும் நரம்பு. இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்குமே, அதே இடம். முழங்கையை மடக்கியே வைத்திருப்பது, மேசையில் ஊன்றுவது, தலைக்குக் கீழே மடக்கித் தூங்குவது எல்லாம் இதைக் கிளறும். கிட்டாரை விட்டுவிட்டு, முழங்கையை மடக்கி ஒரு நிமிடம் சும்மா உட்காருங்கள். அப்போதே விரல் மரத்துப்போனால் பிக் அடிக்கும் முறையை மாற்றிப் பயனில்லை, நாள் முழுவதும் முழங்கை எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

விரல் இல்லை, முன்கைத் தோல் மரக்கிறது. அகூஸ்டிக் கிட்டாரின் கூர்மையான விளிம்பு முன்கையை அழுத்துகிறது. வாசித்து முடித்ததும் தோலில் கோடு தெரிகிறதா? ஒரு துண்டை மடித்து விளிம்பில் போட்டு வாசியுங்கள். அதில் சரியாகிறது என்றால் விளிம்பில் பொருத்தும் கைத்தாங்கி வாங்கலாம்.

நரம்பு விஷயத்தில் காத்திருக்கும் நேரம் குறைவு. தினமும் வருகிறது, அல்லது பித்தான் போடக் கை தடுமாறுகிறது, அல்லது கட்டைவிரல் அடிச்சதை ஒரு பக்கம் மெலிந்திருக்கிறது என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள். நரம்பில் மின்னோட்டம் எப்படிப் போகிறது என்று அளக்கும் சோதனை எழுதித்தருவார். கழுத்திலிருந்தும் இதே மாதிரி மரத்துப்போவது உண்டு. தலையைச் சாய்த்தால் கைக்கு வலி இறங்குகிறதா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

## வலியே இல்லை, ஆனால் கை சொன்னபடி கேட்பதில்லை

வலி இல்லாததால் இதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். சாப்பிடும்போது, எழுதும்போது கை நன்றாக இருக்கிறது. பிக்கை எடுத்துத் தந்தியில் வைத்ததும் ஒரு விரல் தானாகச் சுருட்டிக்கொள்கிறது, அல்லது மணிக்கட்டு துள்ளுகிறது. பயிற்சி போதவில்லை என்று இன்னும் இரண்டு மணி நேரம் வாசித்தால் இன்னும் மோசமாகிறது.

இது தசையில் உள்ள கோளாறு இல்லை. அந்த அசைவுக்கு மூளை தரும் கட்டளை குழம்புவது. டிஸ்டோனியா என்பார்கள். பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷர் 1960களில் இதனால்தான் வலது கையால் வாசிக்க முடியாமல் போய், பல்லாண்டுகள் இடது கைக்கான இசையை வாசித்தார். 1990களில் போடாக்ஸ் (தசையைத் தளர்த்தும் மருந்து) ஊசி சிகிச்சைக்குப் பிறகே இரண்டு கையாலும் தொடர்ந்து மேடையேற முடிந்தது.

சோதனை எளிது: தடிமன் வேறாக உள்ள பிக், கையுறை போட்ட விரல் என்று தொடு உணர்வை மாற்றிப் பாருங்கள். சில நிமிடம் சரியாக வாசிக்க வந்து, பழையபடி ஆனால் சந்தேகம் கூடும். இங்கே வீட்டு வைத்தியம் கிடையாது. வேகப் பயிற்சியை அன்றே நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

## வலிப்பது ஃப்ரெட் அழுத்தும் கை

வேகமாகப் பிக் அடிக்கும்போது, நெக்கில் (கிட்டாரின் நீண்ட கழுத்து) ஃப்ரெட் எனும் குறுக்குக் கம்பிகளுக்கு இடையே தந்தியை அழுத்தும் மறுகையும் சேர்ந்து இறுகும், இரண்டும் ஒரே வண்டி மாடுகள். கட்டைவிரலை நெக்கிலிருந்து முழுக்க எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். ஸ்வரம் ஓரளவு வந்தால் இத்தனை நாளும் தேவையில்லாமல் நசுக்கியிருக்கிறீர்கள். வரவே இல்லை என்றால் தந்தி உயரமாக இருக்கலாம். எலக்ட்ரிக்கில் 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் தடித்த தந்தி இரண்டு மில்லிமீட்டருக்கு வெகுவாக மேலே நின்றால் கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். மருத்துவரைவிட அவர் மலிவு.

## திரும்ப வாசிக்க வரும்போது

ஓய்வுக்குப் பிறகு வரும் முதல் வாரத்தில்தான் பலர் மறுபடி விழுகிறார்கள். விட்ட இடத்திலிருந்து பிடிக்கப் பார்ப்பார்கள். ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு முறை, பழைய டெம்போவில் பாதி. மறுநாள் காலையில் முஷ்டி பிடித்துப் பாருங்கள். விறைப்பு இல்லை என்றால் இரண்டு நிமிடம் கூட்டலாம், இருந்தால் முந்தைய நாளின் அளவுக்கு இறங்குங்கள். நேரத்தையும் டெம்போவையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள். வலி வந்தால் எது காரணம் என்று தெரியாமல் போகும். கை குளிர்ந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துவிட்டு உட்காருங்கள்.

மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ போகும்போது கிட்டாரையும் தூக்கிக்கொண்டு போங்கள். முடியாவிட்டால், வலி தொடங்கும் வேகத்தில் வாசிக்கும் முப்பது நொடி வீடியோ, முழங்கையும் மணிக்கட்டும் தெரியும்படி. "கை வலிக்குது" என்று மட்டும் சொன்னால் அவர் ஓய்வெடுங்கள் என்றுதான் சொல்வார்.